கோறம் சேருமுன் செய்யவேண்டியவை

கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போய்வந்த எவருக்கும் ‘கோறம்’ என்ற சொல் தெரிந்திருக்கும். நான்கு மணிக்கென்று அறிவித்த கூட்டத்துக்கு நான்கரை மணிக்கும் ஏழு பேர்தான் வந்திருப்பார்கள். தலைவர் படலையைப் பார்ப்பார்; செயலாளர் வரவு இடாப்பைப் பார்ப்பார். யாப்பில் சொல்லப்பட்ட தொகை சேரும்வரை தீர்மானம் எதுவும் எடுக்க முடியாது. அந்தத் தொகை சேர்ந்துவிட்டாலோ கூட்டம் உடனே தொடங்கிவிடும். அதுவரை தனித்தனி ஆட்களாக இருந்தவர்கள் அந்த நேரத்திலிருந்து ஒரு சங்கமாகி விடுகிறார்கள்.

மனிதருக்கு நோய் தரும் பற்றீரியாக்களிடமும் ஏறக்குறைய இதே ஒழுங்கு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த நுண்ணங்கிகளுக்கு வாயில்லை, காதில்லை. ஆயினும் அவை ஒன்றோடொன்று ‘பேசி’, தாம் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறோம் என்று கணக்குப் பார்த்து, போதிய தொகை சேர்ந்த பின்னரே சில காரியங்களில் இறங்குகின்றன. அவற்றின் பேச்சு இரசாயனப் பேச்சு. 1994ஆம் ஆண்டில் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகள் இதற்குப் பெயர் வைத்தபோது, அவர்களும் ‘கோறம்’ என்ற இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள்.

இது பல்கலைக்கழகத்தில் உள்ளோருக்குரிய விடயம், இடம்பெயர்ந்து வாழும் எமக்கு இதனால் என்ன என்று சிலர் கேட்கலாம். எமக்கே இது அதிகம் வேண்டும் என்பது எனது கருத்து. ஏனெனில் நோய் என்பது தொகையோடும் நேரத்தோடும் சம்பந்தப்பட்டது என்பதை இந்தப் புதிய அறிவு காட்டுகிறது. முகாமிலும், உறவினர் வளவிலும், பல வருடம் மூடிக்கிடந்த கிணற்றடியிலும் வாழ்ந்தவர்களுக்குத் தொகை, நேரம் ஆகிய இரண்டின் பெறுமதியும் நன்றாகத் தெரியும்.

அழுகிய கிழங்கிலிருந்து தொடங்குவோம்

எமது செம்மண் தோட்டங்களில் உருளைக்கிழங்கு செய்தவர்கள் மெல்லழுகல் நோயைக் கண்டிருப்பார்கள். கிண்டியெடுத்த கிழங்கு வெளியே நன்றாகத்தான் இருக்கும். சாக்கில் கட்டி வைத்துச் சில நாட்களில் ஒரு மூலையில் ஈரம் தெரியும். பிறகு ஒரு நாற்றம். அவிழ்த்துப் பார்த்தால் கிழங்கு கூழாகிப் போயிருக்கும். நேற்றுவரை நன்றாக இருந்தது இன்று எப்படி ஒரேயடியாக அழுகியது என்று வியந்திருப்போம்.

உண்மையில் அந்தக் கிருமி நேற்று வந்ததல்ல. கிண்டும்போது பட்ட சிறு காயத்துக்குள் அது முன்பே புகுந்திருந்தது. கிழங்கின் கலச்சுவரைக் கரைக்கும் நொதியங்களை அந்தப் பற்றீரியாவினால் சுரக்க முடியும். ஆனால் நூறு கிருமி இருக்கும்போது அவற்றைச் சுரந்தால் கிழங்கு கரையாது. தாவரம் விழித்துக்கொண்டு தன் தற்காப்பைத் தொடங்கிவிடும். ஆகவே அது அடங்கியிருந்து பெருகுகிறது. ஒவ்வொரு கிருமியும் ஒரு சிறிய இரசாயனப் பொருளைச் சிறிது சிறிதாக வெளியே விடுகிறது. கிருமிகள் சிலவாக இருந்தால் அந்தப் பொருள் கரைந்து போய்விடும். பலவாக நெருங்கியிருந்தால் அது தேங்கும். தேங்கிய அளவு ஒரு மட்டத்தைத் தாண்டியதும், கிருமிகள் அதை உணர்ந்து, எல்லாமாக ஒரே நேரத்தில் நொதியத்தைச் சுரக்கின்றன. கிழங்கு ஓரிரு நாட்களில் கூழாகிறது.

விஞ்ஞானிகள் இந்த வழக்கத்தை முதலில் கண்டது கடலில் ஒளிவிடும் பற்றீரியாக்களிடம். பிடித்துப் போட்ட மீனோ கணவாயோ இருட்டில் நீலமாக மினுங்குவதைக் கரையோரத்தவர்கள் கண்டிருப்பார்கள். அந்த வெளிச்சம் இவ்வகைக் கிருமிகளுடையது. திரவத்தில் வளர்க்கும்போது இவை சிலவாக இருக்கையில் ஒளிவிடாமல், பெருகிய பின்னரே ஒளிவிடுகின்றன என்று 1970இல் அமெரிக்காவில் கண்டறிந்தார்கள். அக்காலத்தில் இதைப் பலர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னர் ஒவ்வொரு நோய்க்கிருமியாக ஆராய்ந்தபோதுதான், அவற்றுட் பலவும் இப்படியே நடந்துகொள்வது தெரியவந்தது.

மனித உடலில் நடப்பது

உழைப்பாளியின் காலை எடுத்துக்கொள்வோம். பற்றை வெட்டும்போது முட்கம்பி கீறுகிறது; மண்வெட்டி விரலில் படுகிறது. தோலில் எப்போதும் வாழும் ஸ்ரபிலோகொக்கஸ் என்ற பற்றீரியா காயத்துக்குள் இறங்குகிறது. முதலில் அது செய்வது ஒட்டிக்கொள்வது மாத்திரமே. பெருகித் தொகை சேர்ந்தபின், தமக்குள் விட்ட இரசாயனச் சைகையின்படி, ஒட்டும் பொருட்களைக் குறைத்து நச்சுப்பொருட்களைச் சுரக்கத் தொடங்குகிறது. அப்போதுதான் காயம் சிவந்து, வீங்கி, சீழ் கட்டுகிறது. பச்சை நிறச் சீழை உண்டாக்கும் சூடோமோனாஸ் என்ற கிருமியும் இவ்வாறுதான். எரிகாயங்களிலும், நீரிழிவுக்காரரின் ஆறாத கால்புண்களிலும் அடிக்கடி காணப்படுவது அது. மிதிவெடியில் காலை இழந்து புண்ணோடு பல மாதம் கிடந்தவர்கள் எம்மிடையே உள்ளார்கள். சீழின் கொடுமையை அவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

கோறம் சேர்ந்த கிருமிகள் செய்யும் இன்னொரு வேலை, தம்மைச் சுற்றி வழும்புப் படலம் கட்டிக்கொள்வது. தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரைத் தடவினால் வழுவழுவென்று கையில் படுகிறதே, அது போன்றது இது. பல்லில் காலையில் படிந்திருப்பதும் இதுவே. படலத்துக்குள் குடியிருக்கும் கிருமியை அழிக்க, தனித்துத் திரியும் கிருமிக்கு வேண்டியதைப் போலப் பல நூறு மடங்கு மருந்தும் சிலவேளை போதாது. உடலின் காவற்கலங்களும் உள்ளே நுழைய முடியாமல் தடுமாறும். மருந்து எடுத்தும் மாறாத புண்ணுக்கு இது ஒரு முக்கிய காரணம்.

மண்ணோடு புழங்கும் எமக்கு இன்னொரு கிருமியும் தெரிந்திருக்க வேண்டும். மெலியோய்டோசிஸ் என்னும் நோயை உண்டாக்கும் பற்றீரியா மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. காயத்தின் வழியாகவும், மூச்சின் வழியாகவும், நீரின் வழியாகவும் உடலுக்குள் போகும். இதுவும் இரசாயனச் சைகையால் தன் நோயாற்றலை ஒழுங்குபடுத்துவது. அதற்கென ஒன்றுக்கு மேற்பட்ட சைகை முறைகளை வைத்திருக்கிறது. இலங்கையில் இந்நோய் முதன்முதலில் 1927இல் பதிவாகியது. பின்னர் நெடுங்காலம் அரிதென்று கருதப்பட்டது. 2006க்குப் பின் தேடிப் பார்க்கத் தொடங்கியபோது நாட்டின் பல பகுதிகளிலும் நோயாளர் கண்டுபிடிக்கப்பட்டனர். மழைக்காலத்தில் வயலில் நிற்பவர்கள், அவர்களுள்ளும் நீரிழிவு உள்ளவர்கள் மிகவும் அவதானமாக இருக்கவேண்டும். மாறாத காய்ச்சல், நெஞ்சுச்சளி, உடலில் ஆங்காங்கே சீழ்க்கட்டி என்று வரும் இந்நோய் கசநோயைப் போலத் தோன்றி ஏமாற்றும். இரத்தத்தையோ சீழையோ வளர்ப்புச் சோதனை செய்தே உறுதிப்படுத்த முடியும். ஊசி மருந்து குறைந்தது இரண்டு வாரம், அதன்பின் குளிசை சுமார் மூன்று மாதம். இடையில் நிறுத்தினால் திரும்பவும் வரும்.

நெருப்புக்காய்ச்சலும் வாந்திபேதியும்

யாழ்ப்பாணத்துக்கு நெருப்புக்காய்ச்சல் நீண்டகாலம் பழகிய நோய். எமது நிலத்தடி சுண்ணக்கல். வெடிப்பும் துளையும் நிறைந்தது. மலசலகூடக் குழியில் விட்டது கிணற்றுக்குப் போக அதிக நேரம் எடுக்காது. இங்குள்ள கிணறுகளில் மலக்கழிவுப் பற்றீரியா இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

இந்நோயில் ஒரு மர்மம் இருந்தது. காய்ச்சல் மாறியவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் ஐவர் வரை, தமக்கு ஒரு குறையும் இல்லாமலே, வருடக்கணக்கில் கிருமியை மலத்தோடு வெளியேற்றிக்கொண்டிருப்பர். அது எங்கே ஒளிந்திருக்கிறது? பித்தப்பையில் கல் உள்ளவர்களிடம், அந்தக் கல்லின் மேல் வழும்புப் படலம் கட்டிக்கொண்டு கிருமி குடியிருப்பதை ஆய்வாளர் பின்னர் கண்டார்கள். ஆகவே நெருப்புக்காய்ச்சல் வந்து மாறியவர் பலருக்குச் சமைக்கும் பொறுப்பில் இருந்தால், ஒருமுறை வைத்தியரிடம் காட்டிச் சோதித்துக்கொள்வது நல்லது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வாந்திபேதிக் கிருமியின் கதை வேறு. 19ஆம் நூற்றாண்டில் எமது குடாநாட்டில் பலமுறை உயிர்களை வாரிக்கொண்டு போன இந்நோய், இப்போது பல ஆண்டுகளாக இங்கே பரவவில்லை. ஆயினும் அதன் பேச்சு பாடம் நிறைந்தது. மற்றக் கிருமிகள் கோறம் சேர்ந்தபின் தாக்குகின்றன. இதுவோ சிலவாக இருக்கும்போதே குடலில் ஒட்டி நஞ்சைச் சுரக்கிறது. கோறம் சேர்ந்ததும் ‘இங்கே வேலை முடிந்தது’ என்பது போல நஞ்சை நிறுத்தி, ஒட்டைக் கழற்றி, வயிற்றோட்டத்தோடு வெளியே பாய்ந்து அடுத்த ஆளைத் தேடுகிறது. பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகப் பேராசிரியை பொனி பாஸ்லரும் அவருடைய குழுவினரும் இதை 2002இல் விளக்கினார்கள். கிருமி விடும் சைகைப் பொருள் இன்னதென்று 2007இல் பிரித்தறிந்தார்கள். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: ஒரு நோயாளியின் மலம் அப்புறப்படுத்தப்படாமல் கிடக்கும் ஒரு மணி நேரமும் கிருமிக்கு வாகனம்.

‘அறியாமை’ என்ற குற்றச்சாட்டு

இப்போது எனது பிரதான கருத்துக்கு வருகிறேன்.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பிய குடும்பங்கள் பல வருடங்கள் முகாம்களில் இருந்தன. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் நடந்தது. பாடசாலை, கோயில், தேவாலயம், மாட்டுக்கொட்டில் எல்லாம் வீடாகின. ஒரு கிணற்றில் ஐம்பது குடும்பம், ஒரு மலசலகூடத்தில் நூறு பேர் என்று வாழ்ந்ததை நாம் மறக்கவில்லை. 2009இல் வன்னியிலிருந்து வந்தவர்கள் செட்டிகுளத்து முகாம்களில் பட்டது இன்னும் பெரிது.

அக்காலத்தில் ஒரு முகாமில் நடந்த சுகாதாரக் கூட்டத்தில் நான் இருந்தேன். வந்திருந்த அதிகாரி, ‘கொதித்தாறிய நீரையே குடிக்கவேண்டும், அறியாமைதான் நோய்க்குக் காரணம்’ என்று அரை மணி நேரம் விளங்கப்படுத்தினார். பின்வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு தாய் எழும்பி, ‘ஐயா, அது எங்களுக்குத் தெரியும். கொதிக்க வைக்க விறகு ஆர் தாறது?’ என்று கேட்டார். கூட்டம் அத்தோடு முடிந்தது.

அந்தத் தாயின் கேள்விக்கு இந்த விஞ்ஞானம் சாட்சி சொல்லுகிறது. கிருமிக்கு வேண்டியது நெருக்கம், ஈரம், நேரம் என்ற மூன்றும்தான். நெருக்கத்தை நாம் விரும்பித் தேடவில்லை. எம்மை நெருக்கி வைத்தார்கள். ஈரத்தை வடியவைக்க எமக்குச் சொந்த நிலம் இருக்கவில்லை. காயத்துக்கு மருந்து கட்டுவதற்குள் போன நேரமும், மருந்து பொருளாதாரத் தடையில் சிக்கிய நேரமும் எம்முடைய கணக்கில் எழுதப்படக் கூடாதவை. நோயைத் தனிமனிதரின் அசுத்தத்தின் பலன் என்று மாத்திரம் பேசுவது பாதி உண்மை. மீதிப் பாதி, மனிதரை எவ்வளவு இடத்தில் எவ்வளவு காலம் அடைத்து வைக்கிறோம் என்பது.

அதற்காக எமது பங்கை நாம் தட்டிக்கழிக்கவும் கூடாது. கிருமிகள் கோறம் சேருமுன் செய்யக்கூடிய வேலை மிகச் சிறியது. சேர்ந்தபின் செய்யவேண்டியது மிகப் பெரியது. சிறிய வேலை பெரும்பாலும் எமது கையில் இருக்கிறது. ஒன்றையும் சொல்லிவைக்க வேண்டும்: எல்லாக் கிருமிக்கும் பெருந்தொகை தேவையில்லை. வயிற்றுளைவுக் கிருமி நூற்றுக்கும் குறைவாக உள்ளே போனாலும் நோயாக்க வல்லது. ஆகவே ‘கொஞ்சம்தானே’ என்ற நினைப்பு தண்ணீர் விடயத்தில் ஆகாது.

கிருமியின் வாயை அடைக்க முடியுமா?

பேச்சைக் கேட்கவிடாமல் செய்தால் கிருமி தாக்காது அல்லவா? இந்த எண்ணம் முதலில் பலித்த இடங்களில் ஒன்று, எமக்குப் பழக்கமான இரண்டு பயிர்களில்தான். சிங்கப்பூர் ஆய்வாளர்கள் மண்ணில் வாழும் ஒரு பற்றீரியாவிடம், மெல்லழுகல் கிருமியின் சைகைப் பொருளை உடைக்கும் நொதியம் ஒன்றைக் கண்டார்கள். அதை உண்டாக்கும் பரம்பரை அலகைப் புகையிலையிலும் உருளைக்கிழங்கிலும் சேர்த்தபோது, கிருமி இருந்தும் அழுகல் குறைந்தது. 2001இல் வெளியான முடிவு இது.

வாந்திபேதியிலும் முயன்றார்கள். அக்கிருமியின் ‘வேலை முடிந்தது’ என்ற சைகையைச் சுரக்குமாறு, தீங்கற்ற ஒரு குடற்பற்றீரியாவை அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் மாற்றியமைத்தார்கள். அதை முன்கூட்டியே கொடுத்த எலிக்குட்டிகள் பல வாந்திபேதியிலிருந்து தப்பின என்று 2010இல் அறிவித்தார்கள். 2014இல் இன்னொரு செய்தி டாக்காவிலிருந்து வந்தது. வாந்திபேதியிலிருந்து தேறியவர்களின் குடலை ஆராய்ந்தபோது, எமக்கு இயல்பாகவே உள்ள ஒரு நல்ல பற்றீரியா தன் சைகையினால் வாந்திபேதிக் கிருமியை அடக்க உதவுவது தெரிந்தது. காரணமில்லாமல் நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசை விழுங்கும்போது, இப்படியான எமது காவலாளிகளையும் சேர்த்தே கொல்கிறோம்.

கடலுக்கு அப்பால் தஞ்சாவூர் சாஸ்திரா பல்கலைக்கழகத்திலும் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலும் கிருமிப் பேச்சைத் தடுக்கும் பொருட்களைத் தேடும் ஆய்வுகள் நடைபெறுகின்றன. தமிழர் வாழும் ஊர்களிலேயே இவ்வேலை நடப்பது மகிழ்ச்சிக்குரியது.

ஆனால் இவற்றை வைத்து எவரும் ஏமாறக் கூடாது. உள்ளியில் உள்ள ஒரு பொருள் சூடோமோனாஸின் பேச்சைக் குழப்புவது ஆய்வுகூடத்திலும் எலிகளிலும் காணப்பட்டது உண்மை. மனிதரில், சுவாச நோயாளர் சிலருக்கு உள்ளி எண்ணெய் கொடுத்துச் செய்த சிறு பரிசோதனையில் திட்டமான பலன் காணப்படவில்லை. உள்ளி கறிக்கு நல்லது. அரைத்துப் புண்ணில் கட்டினால் தோல் பொக்களித்து இரண்டாவது புண்ணும் வரும். கிருமிப் பேச்சைத் தடுக்கும் மருந்து சாதாரண வைத்தியசாலை அலுமாரிக்கு இன்னும் வரவில்லை. அது வரும்வரை, பழைய வேலைகளையே நேரத்தோடு செய்யவேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, காயம். சிறு கீறலையும் அன்றே, அந்த நேரத்திலேயே, சுத்தமான நீரும் சவர்க்காரமும் விட்டுக் கழுவுங்கள். மண்துணிக்கையை அகற்றுங்கள். சாணம், சுண்ணாம்பு, புகையிலைச் சாறு எதுவும் வேண்டாம். மழைக்காலத்தில் வயலில் இறங்குவோர் முடிந்தவரை சப்பாத்து அணியுங்கள். காயம் இருந்தால் மூடிக்கொண்டு இறங்குங்கள். நீரிழிவுக்காரர் ஒவ்வொரு மாலையும் காலைக் கழுவிப் பாதத்தின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். தனக்குப் பார்வை போதாதென்றால் பேரப்பிள்ளையைக் கொண்டு பார்ப்பிக்கலாம்.

இரண்டாவது, மருந்து. வைத்தியர் எழுதிய நுண்ணுயிர்க்கொல்லியை, காய்ச்சல் விட்டதென்று நடுவில் நிறுத்தாதீர்கள். மிச்சத்தை அயலவருக்குக் கொடுக்காதீர்கள். கடையில் இரண்டு குளிசை வாங்கி விழுங்காதீர்கள். நாள் கணக்கில் சந்தேகம் இருந்தால் வைத்தியரையே கேளுங்கள்.

மூன்றாவது, கிணறு. காணி விடப்பட்டு ஊர் திரும்புவோர் முதலில் எட்டிப் பார்ப்பது கிணற்றைத்தான். மிதிவெடி அகற்றுவோர் பார்த்து அனுமதி தரும்வரை கிணற்றடிக்குப் போகவேண்டாம். பல வருடம் மூடிக்கிடந்த கிணற்றில் கெட்ட காற்று இருக்கலாம். எவரும் தனியே இறங்கக்கூடாது. எண்ணெயில் ஓடும் இறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி வைத்து ஓடவிட்டால், அதன் புகை உள்ளே நிற்பவரைக் கொன்றுவிடும்.

தண்ணீரை இறைத்து, குளோரின் போட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கட்டுச்சுவரில் உள்ள வழும்புப் படலம் அப்படியே இருந்தால், போட்ட குளோரினை அந்த வழும்பும் சேறும் குடித்துவிடும். உள்ளே உள்ள கிருமி தப்பிவிடும். சில வாரத்தில் பழையபடி ஆகிவிடும். ஆகவே முதலில் சேற்றை வாரி, சுவரைத் தும்புத் தூரிகையால் நன்றாகத் தேய்த்து, அந்த அழுக்கு நீரை இறைத்து வெளியே விட்டு, அதன் பின்பே குளோரின் இடவேண்டும். அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கரையோரத்தவர்கள் ஒரேயடியாக இறைத்தால் உவர் ஏறும், ஆறுதலாக இறையுங்கள். வீட்டுக் குடமும் பிளாஸ்ரிக் பரலும் இப்படியே: அலசினால் போதாது, உட்புறத்தைத் தேய்க்கவேண்டும்.

நான்காவது, விறகில்லாத வேளைக்கு ஒரு வழி. வங்காளதேசத்தின் மற்லாப் பகுதியில் 65 கிராமங்களில், ஏறத்தாழ 133,000 மக்களிடையே ஒரு சோதனை நடத்தப்பட்டது. பழைய பருத்திச் சேலையை மடித்துக் குடத்து வாயில் கட்டி நீரை வடித்தெடுத்த கிராமங்களில் வாந்திபேதி ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 48 வீதம் என்று 2003இல் வெளியான முடிவு சொல்கிறது. காரணம், அந்தக் கிருமி குளத்து நீரில் நுண்ணிய உயிரினங்களின் மேல் ஒட்டித் திரள் திரளாக வாழ்வது. திரளாகச் சேர்ந்தது சேலையில் அகப்பட்டுவிடுகிறது. சேலையைக் குறைந்தது நான்காக மடிக்கவேண்டும். புதியதைவிடப் பலமுறை தோய்த்த பழைய சேலை நல்லது. பாவித்தபின் தோய்த்து வெயிலில் உலரவிட வேண்டும். தனித்துத் திரியும் கிருமியை இது தடுக்காது. கொதிக்க வைக்க வசதியுள்ளவர் கொதித்தாறிய நீரையே குடிக்கவேண்டும்.

அதிகாரிகளிடம் நாம் கேட்கவேண்டியவை

வலிகாமம் வடக்கில் காணிகள் கட்டம் கட்டமாக விடப்பட்டு வந்துள்ளன. ஒரு பகுதி இன்னும் விடப்படவில்லை. விடப்படும் காணிக்கு மக்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, வயிற்றோட்டம் வந்தபின் நடமாடும் வைத்திய சேவையை அனுப்புவது பின்னதை முன்னே செய்வது அல்ல. முன்னதைச் செய்யாமலே விடுவது. மக்கள் போகுமுன் ஒவ்வொரு கிணறும் தேய்த்து இறைக்கப்பட்டு, நீர் சோதிக்கப்பட்டு, முடிவு தமிழில் எழுதிக் கையில் தரப்படவேண்டும். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடைத்தூரம் அளந்து காட்டப்பட வேண்டும். வீட்டுத்திட்டப் பணம் கொடுக்கும்போது அத்திவாரம் பார்ப்பது போல, கிணற்றையும் பார்க்கவேண்டும். ஆறாத புண்ணோடு வருவோரின் சீழை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பும் வசதி கிராம வைத்தியசாலைகளுக்கும் எட்டவேண்டும்.

இவற்றை விளங்கும் மொழியில் எமக்குச் சொல்லும் கடமையும் அவர்களுக்கு உண்டு. மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழில் எழுதி, தமிழிலேயே வைத்தியர்களைப் பயிற்றினார். அந்த மண்ணில் இன்று ஒரு நீர்ச்சோதனை அறிக்கையைத் தோட்டக்காரர் வாசிக்க முடியாத மொழியில் கொடுப்பதற்குச் சாட்டு இல்லை.

கிருமிகளே ஒற்றுமையாக இருக்கும்போது மனிதர் ஏன் இருக்கக்கூடாது என்று முடிப்பது சுலபம். அப்படி முடிக்க நான் விரும்பவில்லை. கிருமியிடம் ஒற்றுமை படிக்கவேண்டிய நிலையில் எமது மக்கள் இல்லை. ஒரு சேலைத் தலைப்பில் நான்கு பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு பாலம் கடந்தவர்கள் அவர்கள். கிருமி காத்திருக்கும் அந்தச் சிறு இடைவெளிதான் எமக்குக் கிடைத்திருக்கும் நேரம். காயத்தைக் கழுவும் ஐந்து நிமிடமும் கிணற்றைத் தேய்க்கும் ஒரு பகலும் அந்த நேரத்துக்குள் அடங்கும். அடுத்த சங்கக் கூட்டத்தில் கோறம் சேர்ந்ததும், முதல் தீர்மானமாக ஊர்க் கிணறுகளின் பட்டியலைத் தயாரித்து, எந்தக் கிணறு எப்போது தேய்க்கப்பட்டது என்று எழுதத் தொடங்குங்கள். பிரதேச சபைக்குக் கொண்டுபோக அந்தப் பட்டியலைவிட வலுவான மனு வேறில்லை.